காமிராவின் மாநிறம்: எக்ஸ்போஷரின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சில வருஷங்களுக்கு முன்னால், வேலை நிரந்தரம் கேட்டு உட்கார்ந்திருந்த துப்புரவுப் பணியாளர்கள் சிலரின் பேச்சை வீடியோவில் பதிவு பண்ணப் போயிருந்தோம். இரவல் காமிரா. கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் என்கிற வகை. உச்சி வெயில். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு அலுவலகத்துக் காம்பவுண்டுச் சுவர். அதன் முன்னால் வரிசையாகப் பெண்கள். காமிராவை 'ஆட்டோ'வில் போட்டுவிட்டு நான் கேள்வி கேட்பதில் மும்முரமாக இருந்தேன். சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சில் வைத்து லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது, சுவரில் காரை பெயர்ந்திருந்த இடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. முகங்கள் இருந்த இடத்தில் கரித்துண்டு மாதிரி நிழல்கள் வாயசைத்துக்கொண்டிருந்தன. வயசான ஒரு அம்மா கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "செவுரு நல்லா வந்திருக்கு தம்பி. நாங்க எங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பிழை யாருடையது? என்னுடையதுதான், காமிரா தெரியாதவன் கையில் காமிரா. ஆனால் 'ஆட்டோ' என்று ஒன்றை வைத்திருப்பதே தெரியாதவனுக்காகத்தானே? எவன் எடுத்தாலும் 'சரியாக' வரும் என்பதுதானே அதன் வாக்குறுதி? சுவர் சரியாகத்தான் வந்திருந்தது. ஆகவே கேள்வியை வேறு மாதிரிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் 'சரி' யாருக்கான சரி? அது எப்போது, எங்கே, எவரால் தீர்மானமானது? தொழில்நுட்பத்தில் அரசியல் பேசாதே என்று நம்மில் பலர் சொல்வார்கள். கலை, இலக்கியம், சினிமாக் கதை என்று பிரதிகளைக் கட்டுடைத்துப் பார்த்த நாமும் காமிராவின் உள்ளே இருக்கிற மீட்டரை மட்டும் இயற்கை விதி மாதிரி விட்டுவைத்திருந்தோம்.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அதற்கு அடிப்படையில் சுவரும் தெரியாது, முகமும் தெரியாது. முன்னால் இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் கூட்டி வகுத்து ஒரு சராசரி எடுக்கும். அந்தச் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக வருகிற வரைக்கும் துவாரத்தைத் திறக்கும் அல்லது மூடும்; இல்லையென்றால் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும். விழுகிற ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அட்டை ஒன்றைப் போட்டோகிராபர்கள் பையில் வைத்திருப்பார்கள். அந்த அட்டைதான் மீட்டரின் மனசில் இருக்கும் உலகம். தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது: மாநிறம். கல்யாண விளம்பரத்திலும் காணவில்லை அறிவிப்பிலும் வருகிற அதே மாநிறம். யாருடைய நிறத்தையும் சொல்லாமல் எல்லாருடைய நிறத்தையும் சொல்லிவிடுகிற சொல். காமிராவைப் பொறுத்தவரை உலகமே மாநிறம். வெள்ளைச் சுவரைக் காட்டினால், இது ரொம்ப வெளிச்சம் என்று சுவரை மாநிறத்துக்கு இறக்கும். கூடவே முன்னால் நிற்கிற கறுத்த முகமும் இருட்டுக்குள் இறங்கும். அதே முகத்தைக் கிட்டப் போய்ச் சட்டகம் நிறையக் காட்டினால், இது ரொம்ப இருட்டு என்று முகத்தை மாநிறத்துக்கு ஏற்றும்; கறுப்பு வெளிறிச் சாம்பல் பூத்துப்போகும். ஒரு சமயம் காணாமல் போகிறது, இன்னொரு சமயம் வெளுக்கிறது. இரண்டும் ஒரே சராசரியின் வேலை.

இந்தச் சராசரிக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1835-இல் பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெத்லே 'சராசரி மனிதன்' என்கிற கருத்தாக்கத்தை முன்வைத்தார். நட்சத்திரங்களை அளப்பதில் வருகிற பிழைகளைச் சரிக்கட்டும் கணக்கை மனிதர்கள் மேல் போட்டுப் பார்த்தார். சராசரியிலிருந்து விலகியவர்கள் எல்லாம் இயற்கையின் பிழைகள் போல ஆனார்கள். அடுத்து வந்தவர் பிரான்சிஸ் கால்ட்டன். இனமேம்பாடு என்கிற பெயரில் இருபதாம் நூற்றாண்டு கண்ட அத்தனை அட்டூழியத்துக்கும் சொல் கொடுத்தவர். 1870களின் கடைசியில் இவர் குற்றவாளிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்து 'குற்றவாளியின் பொதுமுகம்' என்று ஒன்றைத் தயாரித்தார். இதை அவர் செய்தது எக்ஸ்போஷரைக் கொண்டுதான் என்பது நமக்கு முக்கியம். ஒரு படத்தைப் பதிக்க எண்பது வினாடி வேண்டுமென்றால், எட்டு முகங்களுக்குத் தலைக்குப் பத்து வினாடி. ஒவ்வொரு முகத்துக்கும் பாதிக்கும் பாதிக்கும் பாதி வெளிச்சம். எல்லோருக்கும் பொதுவானது கெட்டியாகப் பதியும்; ஒருத்தருக்கு மட்டுமே உரியது ஆவியாகிவிடும். முகத்தை அழித்து முகம் செய்கிற வித்தை.

நம் பக்கத்திலும் இந்த அளவெடுப்பு நடக்காமலில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காமிராவும் மூக்களக்கும் கருவியுமாகச் சுற்றி, 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களைப் பிடித்துப் பாடம் பண்ணி மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயந்து ஓடியதை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அவருக்கு வேடிக்கை. அந்தப் பெண்கள் காமிராவைப் பற்றிச் சரியான கோட்பாட்டைத்தான் வைத்திருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

எக்ஸ்போஷரை விஞ்ஞானமாக்கியவர்கள் இங்கிலாந்தின் விட்னஸ் நகரத்து இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வேரோ டிரிஃபீல்டும். 1890-இல் இவர்கள் வரைந்த வளைகோடு இன்றைக்கும் எல்லாக் காமிராவுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு ஒளி விழுந்தால் எவ்வளவு பதியும் என்பதைச் சொல்லும் கோடு. நடுவில் நேராக ஏறும். அங்கே வெளிச்ச வேறுபாடு ஒவ்வொன்றும் ஒழுங்காகப் பதிவாகும். மேல் கோடியில் வளைந்து சரிகிற இடத்துக்குத் 'தோள்' என்றும், கீழ்க்கோடியில் படுத்துக்கிடக்கிற இடத்துக்குப் 'பாதம்' என்றும் பேர் வைத்தார்கள். பாதத்தில் விழுகிறவைகளுக்குள் வேறுபாடு தெரியாது. கூந்தலும் கன்னமும் நிழலும் ஒரே மொத்தை. தோள், பாதம் என்கிற இந்த உடற்கூற்று உருவகம் நமக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தும். தற்செயல்தான், பெரிதுபடுத்த வேண்டாம்.

எந்தப் பொருளை நேர்க்கோட்டில் வைப்பது, எதைப் பாதத்தில் தள்ளுவது என்பதைக் கோடு தீர்மானிக்காது. அதைத் தீர்மானித்தது கோடக். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் இருந்த அதன் ஆய்வகத்தில் லாயிட் ஜோன்ஸ் என்கிறவர் பலவித அச்சுப்படங்களைப் பார்வையாளர்களிடம் காட்டி, எது பிரமாதம் என்று கேட்டுக் கேட்டுத் தரத்தை வரையறுத்தார். 1941-இல் அவரும் காண்டிட்டும் வெளிப்புறக் காட்சிகளின் ஒளிர்வை அளந்து, சரியான எக்ஸ்போஷர் கணக்கை வெளியிட்டார்கள். 1943-இல் அமெரிக்கத் தரநிலை வந்தது. 1974-இல் அது ஜெர்மானியத் தரத்தோடு சேர்ந்து ஐஎஸ்ஓ ஆனது. இன்றைக்கு நம் காமிராவில் திருகுகிற அதே ஐஎஸ்ஓ. ஒரு காலத்தின், ஒரு ஊரின் பார்வையாளர்களுக்கு 'நல்லா இருக்கு' என்று பட்டது உலகத்துக்கே எண்ணாகிப்போனது. எனக்கு இதில் சதி எதுவும் தெரியவில்லை. சதி இல்லாமலே இப்படி நடந்துவிடும் என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

பச்சையாகச் சொன்னவர்களும் உண்டு. 1939–40 வாக்கில் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறையில் ஐந்தாம் மண்டலம் நடுச்சாம்பல். அதற்கு ஒரு படி மேலே ஆறாம் மண்டலத்தில் இருப்பது, வெயிலில் நிற்கும் வெள்ளைக்காரத் தோல். வண்ணப் படம் வந்தபின் கதை இன்னும் தெளிவானது. 1954-இல் அமெரிக்க அரசுடனான ஏகபோக எதிர்ப்பு உடன்பாட்டால், படம் கழுவும் தொழிலை மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டிய கட்டாயம் கோடக்குக்கு வந்தது. வெளியே முளைத்த லேபுகள் ஒரே மாதிரி நிறம் கொண்டுவர மாதிரி அட்டை தேவைப்பட்டது. அந்த அட்டையில் ஒரு வெள்ளைப் பெண். முதல் பெண்ணின் பெயர் ஷெர்லி என்பதால், பிறகு வந்த பெண்கள் எல்லோரும் ஷெர்லிதான். அட்டைக்கே ஷெர்லி என்று பேராயிற்று. ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கனடாவின் ஆய்வாளர் லார்னா ராத் 2009-இல் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். கறுப்பினத் தாய்மார்கள், பள்ளிக்கூடக் குழுப்படத்தில் தங்கள் பிள்ளைகளின் முகம் விழவில்லை என்று குறைப்பட்டது கோடக்கை அசைக்கவில்லை. மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் செய்த பிறகுதான் பிலிம் திருந்த ஆரம்பித்தது. கறுப்பும் வெள்ளையும் ஆசிய முகமும் சேர்ந்த அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது. மேசைக்குக் கிடைத்த நியாயம் பிள்ளைக்குக் கிடைக்க இன்னும் இருபது வருஷம். 1970களின் கடைசியில் மொசாம்பிக்குக்குப் போன கோதார், கோடக் பிலிம் இனவெறி பிடித்தது என்று சொல்லி அதைத் தொட மறுத்ததாக ஒரு கதை உண்டு. கதையாகவே இருந்தாலும் பொருத்தமான கதை.

'பௌதிகம் சார், கறுப்பு ஒளியை உறிஞ்சும், நாம் என்ன பண்ண முடியும்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1952-ஆம் வருஷச் சட்டத்தின்படி பதினாறு வயதுக்கு மேற்பட்ட கறுப்பர்கள் எல்லோரும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகத்தைச் சுமக்க வேண்டும். 'டொம்பாஸ்' என்று அதை மக்கள் திட்டினார்கள்: முட்டாள் பாஸ். 1970-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் போலராய்ட் கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹன்ட்டர் என்கிற வேதியியலாளரும் கென் வில்லியம்ஸ் என்கிற புகைப்படக்காரரும், தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறைக்கான மாதிரி அடையாள அட்டை ஒன்றை அலுவலகச் சுவரில் தற்செயலாகப் பார்த்தார்கள். இருவரும் கறுப்பர்கள். தாங்கள் கலக்கிற மருந்து எங்கே போய் எந்த முகத்தைப் பதிக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. போலராய்ட் புரட்சிகரத் தொழிலாளர் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1971-இல் ஹன்ட்டரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஏழு வருஷம் புறக்கணிப்புப் பிரச்சாரம் நடந்தது. அரசாங்கத்துக்கு விற்கவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்த கம்பெனியின் உள்ளூர் விநியோகஸ்தர் ரகசியமாக விற்றுவந்தது 1977-இல் அம்பலமாகி, போலராய்ட் அந்த நாட்டை விட்டு வெளியேறியது. நிறவெறி அரசுக்கு எதிராக அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் உள்ளேயிருந்து எழுந்த முதல் எதிர்ப்புகளில் ஒன்று, ஒரு காமிராவை முன்னிட்டு நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்தக் காமிராவின் பேர் ஐடி-2. அதில் பிளாஷைக் கூட்டிவிட ஒரு பொத்தான் இருந்தது. 2012-ஐ ஒட்டி ப்ரூம்பர்க், சனாரின் என்கிற இரு கலைஞர்கள் அந்தக் காமிராவையே தேடிப்பிடித்துத் தென்னாப்பிரிக்காவில் படமெடுத்துக் கண்காட்சி வைத்தார்கள். பொத்தான் கறுத்த முகத்துக்காகவே வைத்தது என்பது அவர்கள் வாதம். குடும்ப ஆல்பத்துக்குப் பிள்ளையின் முகம் விழாது. போலீஸ் பார்க்க வேண்டிய அட்டைக்கு அதே முகம் விழும். வேண்டியவனுக்கு வேண்டிய நேரத்தில் பௌதிகம் வளைந்துகொடுக்கிறது. நம் ஊர் அனுபவமும் தூரத்தில் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு, வேலையிடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். முகமறியும் மென்பொருள்களை ஆராய்ந்து 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வில், ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளுத்த ஆண்களிடம் 0.8 சதவீதத்தைத் தாண்டாத பிழை, கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது.

இனி வீடியோவுக்கு வருவோம். புகைப்படத்தில் ஒரு கணத்தைச் சரிசெய்தால் போதும். வீடியோவில் ஆள் அசைவார், மேகம் வரும், பின்னால் பஸ் போகும். ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ மீட்டர் திறந்து மூடும். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் மூச்சு விடுகிற மாதிரி வெளுத்துக் கறுக்கும். எண்பதுகளின் கடைசியில் விஎச்எஸ் காமிராவைத் தோளில் தூக்கிய கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தக் காமிராக்களில் 'பேக்லைட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஆள் பின்னால் வெளிச்சம் இருந்தால் அதை அழுத்து, துவாரம் ஒரு படி திறக்கும். பெரிய காமிராக்களில் 'ஸீப்ரா': குறிப்பிட்ட ஒளிர்வைத் தொட்ட இடத்தில் வரிக்குதிரைக் கோடுகள் ஓடும். 70-இல் வைத்து முகத்தின் வெளிச்சப் பகுதியில் கோடு லேசாக விழும்படி பார்த்துக்கொள் என்பது தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். யார் முகத்தில் என்று பாடத்தில் இருக்காது. 70 என்பது ஷெர்லியின் கன்னம். அந்த எண் இன்றைய மிரர்லெஸ் காமிரா மெனுவிலும் உட்கார்ந்திருக்கிறது.

நம்மாட்கள் இந்த எண்ணை என்ன செய்தார்கள் என்பதையும் பேசித்தானே ஆகவேண்டும். பேக்லைட் பொத்தானைக் கல்யாணம் முழுக்க அழுத்தியே வைத்திருந்தவர்கள் உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் 'கலரா' வரணும். முகத்தில் நேராக ஆயிரம் வாட் விளக்கு, அதன்மேல் ஒரு ஸ்டாப் கூடுதல். கேசட்டில் மணமகள் தேய்த்து வெளுத்த சட்டை மாதிரி இருப்பாள். மூக்கு இருக்காது, மூக்குத்தி இருக்கும். யாரும் ஷெர்லி அட்டையைப் பார்த்ததில்லை. பார்க்காமலே அவளை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். ஆனால் இதை முழுக்கக் கோடக்கின் தலையில் கட்டுவது சௌகரியமான பொய். 'சிவப்பா லட்சணமா' என்பது கோடக்குக்கு முந்தியது. 1975-இல் வந்த முகக்கிரீம் 2020 வரை பெயரிலேயே அதை வைத்திருந்தது. கறுப்பு இன்ன சாதி, சிவப்பு இன்ன சாதி என்று கோடு போடுவதும் அபத்தம். எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு என்று தெரிந்துகொண்டே, நிறத்தைச் சாதியாகப் படிக்கிற பழக்கத்தை நாம் விடவில்லை. அந்தப் பழக்கத்தின் கையில் ஒரு ஸ்டாப் என்பது சின்ன விஷயம் கிடையாது. ஆக, கறுத்த முகத்துக்கு இரண்டு ஆபத்து: இருட்டில் தொலைவது ஒன்று, தயவில் வெளுப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதின வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. நமக்கு அதுதான் அதிகம் பழக்கம்.

வெக்டர்ஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. படத்தில் இருக்கிற நிறங்களை வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும். மனிதத் தோல் எதைக் காட்டினாலும், சென்னையோ ஸ்டாக்ஹோமோ, புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டின் மேல்தான் விழும். கறுப்பு, சிவப்பு என்று நாம் அடித்துக்கொள்கிற 'கலர்', கலரில் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை, ஒளிர்வில்தான் வித்தியாசம். அந்த ஒளிர்வைத்தான் காமிராவில் நாம் திருகுகிறோம்.

திருகுகிற உரிமைகூடக் கேட்டு வாங்கியதுதான். 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபோது, பெரிய சென்சாரில் சினிமா மாதிரி வீடியோ என்று எல்லோரும் குதித்தார்கள். ஆனால் வீடியோவில் அப்பர்ச்சரையும் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் காமிராவே வைத்துக்கொண்டது. எடுப்பவன் கையில் விடவில்லை. ஆட்கள் விடுவார்களா? லென்ஸைப் பாதி கழற்றி மின்தொடர்பை அறுத்தார்கள். கையால் திருகும் வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினார்கள். கூச்சல் போட்டார்கள். 2009 ஜூனில் கம்பெனி புது ஃபர்ம்வேர் கொடுத்து மூன்றையும் விட்டுக்கொடுத்தது. அதே 2009-இல் வந்த பானாசோனிக் ஜிஎச்1, மிரர்லெஸ் வகையில் வீடியோவுக்கான முதல் குறிப்பிடத்தக்க காமிரா. அதில் கைக்கட்டுப்பாடு ஆரம்பத்திலேயே இருந்தது. 2014-இல் சோனி ஏ7எஸ் வந்து இரவையே பகலாக்கியது. பத்து லட்ச ரூபாய்க் காமிராவில் மட்டும் இருந்த 'லாக்' பதிவும் சாமானியன் கைக்கு வந்தது. லாக் என்பது பாதத்தையும் தோளையும் கொஞ்சம் நிமிர்த்தி, இருட்டிலும் வெளிச்சத்திலும் விவரத்தைப் பிடித்துவைத்துப் பிறகு சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு.

கைக்கட்டுப்பாடு என்று வந்துவிட்டால் வீடியோவில் ஒரு கை ஏற்கனவே கட்டப்பட்டிருக்கிறது. பழைய சினிமாக் காமிராவின் ஷட்டர் பாதி வெட்டிய வட்டத்தகடு. ஒரு பிரேமுக்கு உள்ள நேரத்தில் பாதிதான் திறந்திருக்கும். அந்த அசைவுதான் நம் கண்ணுக்குச் சினிமாவாகப் பழகியிருக்கிறது. வினாடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரமும் 50 சுழற்சி என்பதால் டியூப்லைட் துடிப்பும் இதில் தெரியாது. ஆகவே ஷட்டரை 1/50-இல் நிறுத்திவிடுங்கள், திரும்ப அதைத் தொடாதீர்கள். மீதி அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் எஃப்/22 வரை மூட வேண்டிவரும். எஃப்/4-இல் எடுக்க ஆசைப்பட்டால் ஐந்து ஸ்டாப் ஒளியை வடிகட்டும் என்டி ஃபில்டர் லென்ஸ் முன்னால் வேண்டும். ஏ7எஸ்-இல் எஸ்-லாக் 2 போட்டால் ஐஎஸ்ஓ 3200-க்குக் கீழே இறங்காது. அப்போது பத்து ஸ்டாப். லாக் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஃபில்டர் இல்லாமல் வெயிலில் போய் நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன்.

எல்லாம் சரி, எந்த எண்ணில் வைப்பது? முகத்தைப் பார்த்து வை என்பார்கள். முகத்துக்கு முகம் வித்தியாசம். ஷெர்லியின் 70-இல் கறுத்த முகத்தை ஏற்றினால் கல்யாண கேசட்டுதான். பழைய போட்டோகிராபர்களிடம் ஒரு வழி இருந்தது: உள்ளங்கை. முகம் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை மனிதர்களுக்குள் அவ்வளவாக வேறுபடாது. நடுச்சாம்பலுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் மேலே இருக்கும். பேசுகிறவரை முகத்துக்குப் பக்கத்தில், முகத்தில் விழுகிற அதே வெளிச்சத்தில், கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸீப்ராவைச் சாதாரணப் பதிவில் 60-ஐ ஒட்டியும், எஸ்-லாக் 3 என்றால் 50-ஐ ஒட்டியும் வையுங்கள். உள்ளங்கையில் கோடு விழுகிற வரைக்கும் திருகுங்கள். நிறுத்திவிடுங்கள். இப்போது முகம் எங்கே விழுகிறதோ அது அவருடைய இடம். கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஆனால் தெரியும். சுவர் வெந்து வெள்ளையாகப் போகும், போகட்டும். கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் அரை ஸ்டாப் கூட்டி எடுத்து எடிட்டிங்கில் இறக்கலாம். குறைத்து எடுத்து ஏற்றினால் வம்பு. எட்டு பிட் பதிவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இருப்பதே இருநூற்றுச் சொச்சம் படிகள். 15 சதவீதத்துக்குக் கீழே கிடக்கிற முகத்துக்குக் கிடைப்பது முப்பதை ஒட்டின படிகள்தான். கோப்பைச் சுருக்குகிற கணக்கும் இருட்டுப் பகுதியில்தான் முதலில் கை வைக்கும், இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று. ஏற்றினால் கன்னத்தில் கட்டம் கட்டமாக உடையும்.

எக்ஸ்போஷர் மட்டும் போதாது, கறுத்த தோலில் ஒளி பரவுவதைவிட மினுங்குவது அதிகம். மினுங்கலைப் பவுடர் போட்டு அடக்குவது ஷெர்லி காலத்துப் பழக்கம். 'இன்செக்யூர்' தொலைக்காட்சித் தொடருக்கு ஒளிப்பதிவு செய்த அவா பெர்காஃப்ஸ்கி நேர்மாறாக, முகத்தில் ஈரப்பசை ஏற்றி, வெள்ளைப் பலகையில் தட்டித் திருப்பிய ஒளியைப் பக்கவாட்டில் கொடுத்து, அந்த மினுங்கலாலேயே முகத்தை வரைந்தார். நமக்கு வெளியே போகவேண்டியதில்லை. 1988-இல் வந்த 'வீடு' படத்தில் பாலு மகேந்திரா ஜன்னல் வெளிச்சத்தில் அர்ச்சனாவின் முகத்தை எடுத்திருப்பதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அந்த முகத்தை யாரும் வெளுக்க முயலவில்லை.

புதுக் காமிராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்துக்கு மீட்டரை நகர்த்தும். 2021-இல் கூகுள் தன் போனில் கறுத்த தோலுக்கென்று கணக்குகளைத் திருத்தியது. 2022-இல் பத்துப் படி கொண்ட மாங்க் தோல் அளவுகோலை வெளியிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பலன் தெரிகிறது. ஆனால் முகத்தைக் கண்டுபிடித்த பிறகும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்கிற தீர்மானம் இன்னும் காமிராவுக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பெண்களிடம் மறுபடி போனோம். ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் நாலு மணிக்கு. சுவரை விட்டு எதிர்ப்பக்கம் வேப்பமரத்து நிழலுக்கு வரச்சொன்னோம். ஒவ்வொருவரையும் கையை விரித்துக் காட்டச் சொன்னபோது, ரேகை பார்க்கிறியா என்று கிண்டல். பெரியம்மாவின் உள்ளங்கையில் ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. துடைப்பக் காப்பு காய்த்த இடத்தில் ஸீப்ரா விழவேயில்லை, விரல் நுனிகளைப் பார்த்துத்தான் வைத்தேன். பார்த்துவிட்டு அவர், "கறுப்பாத்தான் இருக்கேன். ஆனா நான்தான்" என்றார்.

படத்தைச் சங்கத்துத் தோழர்களுக்குப் போட்டுக் காட்டியபோது வேறொரு புகார் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அலுவலகத்துப் பெயர்ப்பலகை இருந்தது; அது வெள்ளையாக வெந்துபோய் ஒரு எழுத்தும் தெரியவில்லை. யாரிடம் கேட்கிறோம் என்பதே படத்தில் இல்லையே என்றார்கள். நியாயமான புகார். அடுத்த நாள் போய்ப் பலகையைத் தனியாக ஐந்து வினாடி எடுத்துவந்தேன். அதை ஆட்டோவிலேயே எடுத்தேன், நன்றாக வந்தது.